மாட்டியவரே கழற்ற வேண்டும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊரில் எந்தக் கட்டடத்தின் பெயரும் தெரியாது. பத்தொன்பது வருடமாகப் பின்வாசல் வழியாகவே போய் வருகிறவர். பெயர்ப்பலகையோ முன்வாசலில் இருக்கும். அவருக்குத் தெரிந்த கட்டடங்கள் 'முனகல்', 'மூணாவது மாடி விக்கல்', 'எலி கடிச்சது', 'கண்ணாடி' என்பவைதான். கடைசியில் சொன்னதில் முகக்கண்ணாடி வைத்த லிஃப்ட். ஏறுகிறவர்கள் தலைவாரிக்கொண்டே இறங்க மறந்துவிட்டு, லிஃப்ட் நிற்கவில்லை என்று புகார் எழுதுவார்கள்.

"இன்னிக்கு முனகலுக்குப் போயிருந்தேன்" என்று வீட்டுக்கு வந்து சொல்வார்.

"தைலம் தேய்ச்சு விட்டீங்களா?" என்பாள் மனைவி. அவள் தையல்காரி. அவளும் யாரையும் பெயரால் அறிந்தவள் இல்லை. 'இடுப்பு முப்பத்தாறு', 'கை தூக்கினா கிழியறவர்' என்றுதான் அவளுடைய வாடிக்கையாளர்கள் வாழ்ந்தார்கள்.

இவர்களுக்கு ஒரே மகள், ஐந்து வயது. வீட்டில் மேனேஜர் என்று கூப்பிடுவார்கள். சோறு ஊட்டும்போது, "இது எத்தனாவது வாய்? அடுத்தது எப்ப வரும்? ஏன் லேட்டு?" என்று விசாரிக்கிறவளை வேறென்ன சொல்லி அழைப்பது?

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி. பிறகு நடையில் தள்ளாட்டம். ஒருநாள் பள்ளிப் படிக்கட்டில் விழுந்து, பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. தலையைப் படம் எடுத்ததில் பின்மூளையில் எலுமிச்சம்பழ அளவு கட்டி. நான்காம் நாள் ஆபரேஷன். முக்கால்வாசி எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் ஒரு துணுக்கை உறையவைத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

வெளியே நான்கு நாளாகத் தூறல். நனைக்கவும் நனைக்காது, காயவும் விடாது. குழந்தைகள் வார்டின் ஜன்னல் கம்பியில் மேனேஜரின் சட்டைகள் ஈரமாகத் தொங்கின. மேனேஜர் அப்பாவின் ஃபோனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் பின்னுச்சியிலிருந்து பிடரிவரை தையல் போட்ட தழும்பு. அம்மா அதை முதல் நாளே உற்றுப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நெருக்கமாத்தான் போட்டிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்திருந்தாள். அன்று பிற்பகல் முழுவதும் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் அவள்தான்.

காலையில் மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண். எதைச் சொன்னாலும் ஏதாவது படிவத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுத்தான் சொல்வார்.

"நுண்ணோக்கியில பார்த்தா ரெண்டு வகைக் கட்டி ஒரே மாதிரி இருக்கு, சார். ஒரு வகைக்குக் கடுமையான மருந்து குடுத்தே ஆகணும். இன்னொரு வகைக்கு அந்த மருந்து கேட்கவே கேட்காது. காதும் சிறுநீரகமும் கெட்டதுதான் மிச்சமாகும். அதனாலதான் அந்த முடிவுக்காகக் காத்திருக்கோம்."

"எத்தனை நாள் காத்திருக்கலாம், மேடம்?"

"ஆபரேஷன்லேர்ந்து நாலு வாரம். அதுக்கு மேல போனா, உள்ள விட்டு வெச்சது மறுபடி வளர ஆரம்பிச்சுடும். ஆறு நாள் இருக்கு. வரலைன்னா யூகிச்சுத்தான் ஆரம்பிக்கணும்."

"யூகிச்சா?" என்றாள் மனைவி. "அளவெடுக்காம நான் ஒரு ஜாக்கெட்டுகூட வெட்ட மாட்டேன், மேடம்."

மருத்துவருக்கு முகம் சுருங்கியது. படிவத்தைத் திருப்பிப் போட்டு ஒரு வட்டம் வரைந்தார். அது செல். உள்ளே நூல் மாதிரி சுருண்டு கிடப்பது மரபணுக்கள். அதில் சிலவற்றுக்கு வேலையே வளர்ச்சிக்கு பிரேக் போடுவது. அவை இருக்கும்வரை செல் கண்டபடி பெருகாது.

பிரேக் என்றதும் மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பிரேக் தேஞ்சு போச்சா? உடைஞ்சு போச்சா?"

"அதுதான் வேடிக்கை. பெரியவங்களுக்கு வர்ற கட்டியில நிறைய உடைஞ்சு கிடக்கும். சின்னக் குழந்தைங்க கட்டி சிலதுல ஒண்ணுமே உடைஞ்சிருக்காது. மரபணுவில ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதுமேல மெத்தில்னு ஒரு பொடிசு போய் ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். அது ஒட்டியிருந்தா செல் அந்த மரபணுவைப் படிக்காம தாண்டிப் போயிடும். பிரேக் நல்லா இருக்கு. ஆனா வேலை செய்யாது."

மெக்கானிக் கட்டிலுக்கடியில் இருந்த வேலைப் பையை இழுத்து, உள்ளே துழாவி, ஓட்டை போட்ட ஒரு சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது மாதிரியா, மேடம்?"

மருத்துவர் வாசித்தார். "'ஆபத்து. ஆள் வேலை செய்கிறார். சுவிட்சைப் போடாதே. மாட்டியவரே கழற்ற வேண்டும்.'" மறுபடி ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். "அட, இது மாதிரியேதான். எந்தெந்த சுவிட்சுல அட்டை தொங்குதுன்னு மொத்தமாப் படிச்சா, இது எந்த வகைக் கட்டின்னு சொல்லிடலாம். அந்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்பியிருக்கோம்."

"அப்ப அட்டையைக் கழட்டிட்டா?"

"கழட்டற மருந்து இருக்கு. ஆனா இந்த அட்டையை மட்டும் கழட்டுன்னு அதுக்குச் சொல்ல முடியாது. கண்ட இடத்துலயும் கழட்டும். தொங்கியே ஆகவேண்டிய அட்டைங்களும் இருக்கு, சார். கல்லீரல் கல்லீரலா இருக்கறதே, மத்த வேலை எல்லாத்துமேலயும் அட்டை தொங்கறதாலதான். குழந்தைங்களுக்கு அந்த மருந்து இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

மெக்கானிக் தன் இடது கையைப் பார்த்தார். மோதிரவிரலில் மேல் இரண்டு கணு கிடையாது. பன்னிரண்டு வருடம் முன்பு, மோட்டார் அறையில் அவர் கம்பிவடத்துக்குள் கைவிட்டிருந்தபோது, கீழே ஒரு நல்லவர், யாரோ மறந்துவிட்டுப் போன அட்டை என்று நினைத்துக் கழற்றி வைத்து, சுவிட்சையும் போட்டார். அதற்குப் பிறகு மெக்கானிக் கம்பெனியோடு எட்டு மாதம் மல்லுக்கட்டி, அட்டையில் கடைசி வரியை அச்சடிக்க வைத்தார். அட்டையோடு ஒரு பூட்டும் போடவேண்டும், சாவி மாட்டியவரிடமே இருக்கவேண்டும், மேலதிகாரியே ஆனாலும் மாட்டியவரிடம் பேசாமல் தொடக்கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே அந்த அரைவிரலை மூக்குக்கு நேராக நீட்டி, "இதைப் பார்த்துக்க. இதுதான் விதி" என்பார்.

"ஒரு கட்டடத்துல இருக்கற எல்லா அட்டையையும் கழட்டினா ஆள் செத்துடுவான், மேடம்," என்றார். "எனக்குப் புரியுது. அதை யாரு மாட்டினது?"

"யாரும் இல்ல. செல்லே மாட்டிக்குது. ஏன்னு முழுசாத் தெரியாது."

"மாட்டினவங்கதானே கழட்டணும்?"

மருத்துவர் பதினோரு வருடம் படித்தவர். அதில் இந்தக் கேள்வி இல்லை. மேனேஜரின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். "லேட்டாப் போறீங்க" என்றாள் மேனேஜர், தலை நிமிராமல்.

ஆய்வகத்தோடு ஃபோனில் பேசுவது மனைவியின் இலாகா. தினமும் பத்து மணிக்கு அவள் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தா முனைக்குப் போய்விடுவாள். அந்தப் பக்கம் எப்போதும் ஒரே பெண்குரல். முதல் வாரம் அது, "செயல்பாட்டில் இருக்கிறது" என்றது. இரண்டாம் வாரம், "வரிசையில் இருக்கிறது" என்றது. மூன்றாம் வாரம், "மேலிடத்தில் சொல்லியிருக்கிறோம்" என்றது.

மெக்கானிக் டீயும் பன்னும் வாங்கக் கீழே போனார். அவர் ஃபோன் மகள் கையில். அவளுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான்: கார்ட்டூன் நடுவே அழைப்பு வரும். வந்ததும் கட்டைவிரலால் மேலே தள்ளிவிடுவாள். பெரும்பாலும் கம்பெனி அழைப்புகள். பிறகு பட்டியலில் பார்ப்பார். பதினேழு, இருபத்து மூன்று, நாற்பது. 'வேலைக்கு வான்னு பிடுங்குவாங்க, வேறென்ன' என்று பேசாமல் விட்டுவிடுவார். துணி எடுக்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கதவுக்கடியில் கம்பெனி உறை ஒன்று கிடக்கும். சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். அங்கே மூன்று உறை சேர்ந்திருந்தது. பிரிக்காதவரை வேலை இருக்கிறது என்பது அவர் கணக்கு.

டீயோடு மேலே வந்தபோது வராந்தாவில் மனைவி நின்ற விதமே சரியில்லை. கையில் ஃபோனைக் கத்தரிக்கோல் மாதிரி பிடித்திருந்தாள்.

"இன்னிக்கு விடலைங்க. நீ உண்மையைச் சொல்லாம நான் வெக்க மாட்டேன்னு அரைமணி நேரம் பேசினேன். அந்தப் பொண்ணே அழுதுட்டா. உறையவெச்ச துணுக்கைப் பொடிக்கணுமாம். அதுக்குத் திரவ நைட்ரஜன் வேணுமாம். அது தீர்ந்து போய் ரெண்டு வாரமாச்சாம்."

"வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கிட்டாங்க! டேங்க் கீழ் மாடியில வந்து உட்கார்ந்திருக்கு. ஆய்வகம் அஞ்சாவது மாடி. எழுபது கிலோ, படியில தூக்கினா சிந்திடுமாம், சிந்தினா கை கால் வெந்துடுமாம். ஆளுங்க போற லிஃப்ட்ல ஏத்தக் கூடாதாம், ஆவி கசிஞ்சா உள்ள இருக்கறவங்க மூச்சு நின்னுடுமாம். சரக்கு லிஃப்ட்ல, கூட ஆள் இல்லாம, தனியாத்தான் அனுப்பணுமாம்."

"அது சரிதான். அப்படித்தான் அனுப்பணும்."

"சரக்கு லிஃப்ட் ஓடலையாம்!"

மெக்கானிக்கின் முகத்தில் இருபத்தாறு நாளில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை சொல்லப்பட்ட எந்தக் கோளாறையும் அவரால் சரிசெய்ய முடிந்ததில்லை. இது முடியும். "என்ன ரிப்பேராம்?"

"ரிப்பேரே இல்லையாம்! லிஃப்ட் நல்லாத்தான் இருக்காம்! எவனோ சுவிட்சுல சிவப்பு அட்டையை மாட்டிப் பூட்டிட்டுப் போயிட்டானாம். அவன்தான் வந்து கழட்டணுமாம். ஆளைக் காணோமாம்."

"விதி சரிதான்" என்றார் மெக்கானிக், பழக்கத்தில்.

மனைவி டீயை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ திட்டுக்குப் போனது.

"சரியா? விதி சரியா? என் பொண்ணு தலைக்குள்ள ஒண்ணு வளர்ந்துக்கிட்டு இருக்கு, ஒருத்தன் அட்டையை மாட்டிட்டு எங்கயோ காலாட்டிக்கிட்டு இருக்கான், உங்களுக்கு விதி சரியா? அவன் போடற சட்டையெல்லாம் அக்குள்ல கிழியணும். நாலு பேர் நடுவுல பட்டன் தெறிக்கணும். அவன் பேன்ட்டுக்கு எந்த ஜிப்பும் நிக்கக் கூடாது. எந்தத் தையக்காரனும் அவனுக்கு நாள் குறிச்சுக் குடுக்கக் கூடாது."

"நம்ம கம்பெனி அட்டைதான். ஆயில் மாட்டியிருப்பான். அவனுக்குத்தான் ஞாபகமறதி." ஆயில் என்பவன் கூட வேலை செய்கிறவன். எதைத் தொட்டாலும் கறை விடுவதால் அந்தப் பெயர். "எப்பப் பார்த்தாலும் எங்கயாவது எதையாவது விட்டுட்டு வருவான்."

"நீங்க மட்டும்? அந்த நீல மூடி டிபன் பாக்ஸ் எங்கன்னு ஒரு மாசமாக் கேட்கறேன்."

"இப்ப டிபன் பாக்ஸா முக்கியம்?"

"கேட்டா இதைத்தான் சொல்வீங்க. போங்க. அந்த ஆயிலைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் கழட்டச் சொல்லுங்க."

ஆயிலை அழைக்கலாம் என்று ஃபோனைக் கேட்டார். அது கார்ட்டூனிலேயே உயிரை விட்டிருந்தது. மேனேஜர் கறுத்த திரையை நீட்டி, "ஆஃபீஸ் மூடியாச்சு" என்றாள். வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவி எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டோடு பஸ் ஏறினார்.

பஸ் இறங்கி, தூறலில் நடந்து, சீட்டையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக வேலைப் பையோடு ஒரு கட்டடத்துக்குள் முன்வாசல் வழியாகப் போனார். கண்ணாடிக் கதவு. பளிங்குத் தரை. பூந்தொட்டி. கால்மிதியில் செருப்பைத் துடைத்துக்கொண்டார். ஃபோன் குரலுக்குரிய பெண் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"குழந்தையோட அப்பாவா? காலையில அம்மா பேசினாங்க." ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். "சரக்கு லிஃப்ட் பின்பக்கம், சார். வாங்க."

நடை முடிந்து, இரும்புக் கதவு தாண்டி, பின்பக்க முற்றம். தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நின்றது டேங்க். பக்கத்தில் சரக்கு லிஃப்டின் கதவு. கீழ்மூலையில் வண்டி இடித்த பள்ளம். மெக்கானிக் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கதவை ஒரு விரற்கடை நகர்த்தினார்.

கதவு முனகியது.

முனகலில் கடைசியாக வேலை பார்த்தது என்றைக்கு என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறந்த நேரம். பள்ளியிலிருந்து ஃபோன். ஆறு மாடி இறங்கி ஓடியது. இருபத்தாறு நாள்.

"அண்ணே!" முற்றத்து மூலையில் காவலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆயில் எழுந்து ஓடிவந்தான். "வந்துட்டீங்களா! பாப்பா எப்படி இருக்கு? எத்தனை தடவை ஃபோன் போட்டேன், கட் ஆகிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தா வார்டுக்குள்ள விட மாட்டேன்னுட்டாங்க, கிருமி வருமாம். அட்டையை யாரும் தொடலைண்ணே."

மெக்கானிக்கின் கை பாக்கெட்டிலிருந்த சாவி வளையத்துக்குப் போனது.

"மேலதிகாரி மூணு லெட்டர் போட்டாரு, பதில் இல்ல. போன வாரம் பூட்டை அறுக்கலாம்னு கம்பி ரம்பத்தோட வந்துட்டாரு. நான் சுவிட்சுக்கு முன்னால போய் நின்னுட்டேன். 'எங்க அண்ணன்கிட்டப் பேசாம கைவெச்சா நான் வேலையை விட்டுடுவேன்'னேன். ஆடிப் போயிட்டாரு!" ஆயில் நெஞ்சை நிமிர்த்தினான். "நீங்க சொல்லிக்குடுத்ததுதானே, அண்ணே. யாரையும் கிட்ட விடல."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணின" என்றார் மெக்கானிக். இதைவிடக் கசப்பாக ஒரு பாராட்டு அந்த முற்றத்தில் வழங்கப்பட்டிருக்காது. ஆயில் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

ஆறு மாடி ஏறி, மேலே இரும்பு ஏணி. ஏணியின் துருத்திய ஆணியில் சட்டை மாட்டி அக்குளில் நீளமாகக் கிழிந்தது. மோட்டார் அறையில் தூசி, பிசுக்கு, தகரக் கூரையில் மழை. சுவிட்சுப் பெட்டியில் சிவப்பு அட்டை தொங்கியது. அவருடைய கையெழுத்து. அவருடைய தேதி. அவருடைய ஃபோன் எண், ஆறு மாடிக்குக் கீழேயும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக. பூட்டின் சாவி வீட்டுச் சாவியோடு வளையத்தில்தான் இருந்தது. இருபத்தாறு நாளாக ஒவ்வொரு முறை வீட்டைத் திறக்கும்போதும் அது அவர் விரலில் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

கழற்றினார். விதிப்படி மூன்று தரம், "சுவிட்ச் போடறேன்!" என்று கத்தினார். ஆயில் கீழேயிருந்து, "போடலாம்!" என்றான். போட்டார். மோட்டார் ஒரு உறுமலில் எழுந்தது. எந்தக் கோளாறும் இல்லை. எண்ணெய் போட்ட லிஃப்ட் மாதிரி, எண்ணெய் போட்ட லிஃப்ட் ஓடியது. கீழே டேங்கைத் தனியாக ஏற்றிக் கதவை மூடினார்கள். கம்பிவடம் அவர் கண்ணெதிரே நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாம் மாடியில் கதவு முனகுவது மேலே வரை கேட்டது. முழுப்பயணமும் ஐம்பது நொடிகூட இல்லை.

திரும்பும்போதுதான் உத்திரத்தின் மேல் அதைப் பார்த்தார். நீல மூடி தனியாக, பாத்திரம் தனியாக. உள்ளே இருந்தது எந்த உணவென்று இப்போது எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது.

வழியில் எங்காவது அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். தூறலில் நான்கு குப்பைத்தொட்டி தாண்டினார். நான்கிலும் நின்றார். போடவில்லை.

வார்டில் மேனேஜர் தூங்கவில்லை. சார்ஜரில் போட்ட ஃபோனோடு ஒட்டிக் கிடந்தாள். மனைவி அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டினானா?"

"கழட்டியாச்சு. டேங்க் மேல போயிடுச்சு. இன்னிக்கே ஆரம்பிக்கறாங்களாம். முதல்ல நம்மளுதாம். நாலு நாள்ல சொல்லிடுவாங்களாம்."

"நாலு நாளா? ஆறுக்குள்ள வந்துடும்!" முட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்களா அவனை? என்ன சொன்னான்? வெக்கம் மானம் ஏதாவது..."

மெக்கானிக் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து அவள் முன் ஸ்டூலில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். நீல மூடியைப் பார்த்தாள். அவருடைய சட்டை அக்குள் கிழிசலைப் பார்த்தாள். துணி எங்கே தொடங்கிக் கிழிந்தது என்று பார்க்கிறவள். இதற்கு வெகுநேரம் ஆகவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"மோட்டார் ரூம்ல."

"என்னிக்கு வெச்சது?"

"ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வந்த அன்னிக்கு."

முட்டை ஓடு ஒன்றை அவள் இன்னும் சிறிதாக உடைத்தாள். பிறகு அதையும் உடைத்தாள். அடுத்த கட்டில்காரர்கள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளப் பாடுபட்டார்கள்.

"காலையில நான் திட்டினது..." என்று தொடங்கினாள்.

"வந்து சேர்ந்துடுச்சு." கிழிசலைக் காட்டினார்.

"திருப்பி வாங்கிக்க மாட்டேன்."

"வேண்டாம்."

"ரெண்டு வாரமா அங்க கிடந்திருக்கு, பாப்பாவோடது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த ஃபோனை எடுத்திருந்தா..." கைப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "சட்டையைக் கழட்டுங்க."

பனியனோடு கட்டிலில் உட்கார்ந்தார். அவள் கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, சட்டையை உள்புறமாகத் திருப்பி, தைக்கத் தொடங்கினாள். மகள் தலையில் போட்டிருந்த தையலைவிட நெருக்கமாக. கொஞ்ச தூரம் போனதும் ஊசி நின்றது.

"பாப்பாவுக்குள்ள அட்டையை மாட்டினது இருக்கே. அதுவும் இப்படித்தானே? வேற எதுக்கோ மாட்டியிருக்கும். நல்லதுக்குத்தான் மாட்டியிருக்கும். நடுவுல ஏதோ அவசரம், விட்டுட்டு ஓடியிருக்கும்."

"இருக்கும்."

"அதை எங்க போய்த் தேடறது?"

"அட்டையில நம்பர் போட்டிருக்காதே" என்றார் மெக்கானிக்.

அவள் பல்லால் நூலைக் கடித்தாள். அப்போது மேனேஜரின் கையில் ஃபோன் அடித்தது. கார்ட்டூன் நின்றது. கட்டைவிரல் வழக்கம்போல மேலே எழும்பியது.

"தள்ளாதே!" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில். வார்டே திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். தன் நிர்வாகத்தில் இப்படியொரு குறுக்கீடு இதுவரை நடந்ததில்லை. அடித்துக்கொண்டிருந்த ஃபோனை, வேண்டா வெறுப்பாக, அப்பாவின் அரைவிரல் கையில் வைத்தாள்.

"சீக்கிரம் பேசிட்டுக் குடுங்க," என்றாள். "ஏற்கெனவே லேட்டு."